பண்டலோடு மலையேறினோம்

போன சனிக்கிழமை, சாயங்காலம் நாலு பத்து. என் மகள் அபியைக் காணவில்லை.

அவளோடு இன்னொன்றையும் காணவில்லை. நாங்கள் தங்கியிருந்த வீட்டுச் சமையலறைப் பரணில் இருந்த ஒரு பண்டல் தீப்பெட்டி.

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

பிளஸ் டூ பரீட்சை முடித்த பிள்ளையைக் கோவில்பட்டி வெயிலிலிருந்து இரண்டு நாளாவது தப்பிக்க வைக்கலாம் என்று மேற்கே ஒரு மலைக் கிராமத்தைப் பிடித்தோம். போன கோடையில் காட்டுத்தீ புகுந்து வந்த இடம். "கருகிப் போன மலையைப் பாக்கவா துட்டு செலவழிச்சுப் போறிய?" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

ஆனால், அங்கே வாடகைக்கு அறை விடுகிற மல்லிகா போனில் சொன்னது வேறு. "எல்லாரும் அப்படி நினைச்சுதான் யாரும் வர்றதில்லக்கா. நீங்க வாங்க. புல்லு முளைச்சிருச்சு."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே போனோம்.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். ஆபீஸ் என்றால் ஃபேக்டரிதான். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய், ஒரு பண்டல் தீப்பெட்டி. கல்யாண வீடோ, சென்னையில் சொந்தக்காரர் வீடோ... வெறுங்கையோடு போய் எங்களுக்குப் பழக்கமில்லை.

மலையடிவாரச் செக்போஸ்ட்டில் தீப்பெட்டி, லைட்டர் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். சிகரெட் பழக்கமே கிடையாது என்று இவர் பெருமையாகச் சொன்னார். பொய் சொல்லவில்லை. சட்டைப் பையில் ஒன்று இருந்தால் அது தீப்பெட்டி. பண்டலாகப் பையில் இருந்தால்? அது மரியாதை அல்லவா! எனக்கும் உறைக்கவில்லை.

மல்லிகா கடலைமிட்டாயைச் சிரித்துக்கொண்டே வாங்கினாள். பண்டலை நீட்டியதும் சிரிப்பு பாதியில் நின்றது. வாங்கிச் சமையலறைப் பரணில் வைத்தாள். வைத்த இடத்துக்குக் கீழே விறகடுப்பு, துடைத்து வைத்த பாத்திரம்போல இருந்தது. தன் காபித் தோட்டம் எரிந்த நாளிலிருந்து அதைப் பற்றவைக்க மனசு வரவில்லையாம். எல்லாம் கேஸ்தான், லைட்டர்தான்.

அறைக்கு வந்ததும் அபி என்னைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, தீயில தோட்டத்தைக் குடுத்தவிய வீட்டுல போய் இதையா குடுப்ப?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "குடுத்ததைத் திருப்பிக் கேட்டா அது இன்னும் அசிங்கம்ட்டி" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

மத்தியானம் நல்ல மழை. கண்ணயர்ந்து எழுந்தால்... நாலு பத்து. அவள் போன் கட்டிலில் கிடக்கிறது. பரண் காலி.

வாசலுக்கு ஓடினேன். எதிர்ச்சரிவு முழுக்கக் கருகிய மரங்களின் கறுப்பு, அடியில் மட்டும் புதுப் புல். கறுப்பு எங்களுக்குப் புதிதா? எங்கள் கரிசலில் மழை விழுந்தால் கம்பும் பருத்தியும் முளைக்கும். அந்தக் கறுப்பின் நடுவே வெள்ளையாக ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது.

புகையைக் கண்டால் முதலில் கத்து, பிறகு யோசி. தீப்பெட்டி ஆபீஸில் முதல் நாள் பாடம் இதுதான். கத்திவிட்டேன். தீ, தீ என்று தொண்டை கிழிய. பிள்ளை அந்தத் தீயில் இருக்கிறாளா, இல்லை... அந்தத் தீயே அவள் கையிலிருந்த பண்டலா?

ஊரே ஓடி வந்தது. தீயை அடித்து அணைக்கப் பச்சைக் கொப்பு ஒடித்த கையோடு ஆண்கள். குடத்தோடு பெண்கள். செருப்பில்லாமல் வந்த மல்லிகா, சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மேகம்க்கா. மழை விட்டா பள்ளத்துலேருந்து ஏறும்."

ஒருவர்கூடத் திட்டவில்லை. அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. ஒருவர் கொப்பைக் கீழே போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஒரு பெண், இடுப்புக் குடத்தை இறக்கத் தோன்றாமல் நின்றாள். நன்றாக நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மகளையும் பண்டலையும் சேர்த்தே காணவில்லை என்று மல்லிகாவிடம் சொன்னேன். அவள் உடனே என் வீட்டுக்காரரை இரண்டு பேரோடு மேல் பாதையில் அனுப்பினாள். அவள் ரோட்டு வழியே கீழே இறங்கினாள். பிள்ளை வந்தால் ஆள் வேண்டும் என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

அதற்குள் அந்த மேகம் வாசல் வரை வந்துவிட்டது. எதிரே மலையும் இல்லை, ரோடும் இல்லை.

ஆறுதலாக இருக்கட்டும் என்று ஓர் ஊருக்குப் போகிறோம். பல்துலக்கும் பிரஷ் முதல் ஸ்வெட்டர் வரை சரிபார்த்து எடுத்து வைக்கிறோம். அவர்களுக்கு எது வலிக்கும் என்று மட்டும் யாரும் யோசித்துப் பையைக் கட்டுவதில்லை. புத்திசாலிகள்தானே நாம்?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் இருமல் கேட்டது. பிறகு இரண்டு உருவம்.

பண்டலைச் செக்போஸ்ட்டில் ஒப்படைத்துவிடலாம் என்று மழையோடு மழையாகக் கிளம்பியிருக்கிறாள் என் மகள். பாதி வழியில் மேகம் மூடி, பாதை தெரியாமல் ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். பண்டல் மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, துப்பட்டாவுக்குள் சுருட்டி, வயிற்றோடு அணைத்தபடி... காய்ந்தே இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ்காரர் மகள்!

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மல்லிகா எங்களைத் தாண்டி உள்ளே போனாள். விறகு முறிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"அந்தப் பண்டலைப் பிரிச்சு ஒரு பெட்டி எடுத்துட்டு வாங்கக்கா. பிள்ளை நடுங்குது... அடுப்பைப் பத்தவைக்கணும்."