சுரை பூட்டிய கை

எங்கள் சித்தப்பாவின் வலது கையை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் பொறுப்பு எனக்குப் பத்து வயதில் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வீட்டில் ஆங்கிலம் தங்குதடையின்றிப் பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது என் அபிப்பிராயம். அதை மறுத்துப் பேச வேறு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

சித்தப்பா கனடாவில், பிறம்ரனில் காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். ஒருநாள் மெசின் அவருடைய கையை உள்ளே இழுத்துவிட்டது. விரல்கள் ஐந்தும் தப்பிவிட்டன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் போகிற நரம்புதான் தப்பவில்லை. சும்மா பார்த்தால் நல்ல கையாகவே தெரியும். சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும்.

இதற்குள் அவருக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். கைக்கு நடந்ததை அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்கோ. பிறகு தெரிஞ்சால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?"

"நான் என்ர கையாலை தாலியைக் கட்டிப்போட்டு, பிறகு நானே சொல்லுறன் அண்ணி."

கட்டுவது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, எங்கள் ஆட்களின் தாலிக்கொடி மஞ்சள் கயிறல்ல, தடித்த பொற்சங்கிலி. பின்கழுத்தில் சுரை என்கிற ஒரு பொடித் திருகாணியைத் திருகிப் பூட்ட வேண்டும். மாப்பிள்ளை தடுமாறினால் தோழியாக நிற்கும் அவருடைய சகோதரி கைகொடுப்பதும் வழக்கம்தான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சித்தப்பாவின் அக்காவான எங்கள் மாமியும் அதற்குத் தயாராகவே இருந்தார். சித்தப்பாதான் ஒரே பிடியாக நின்றார்.

"என்ர பெண்சாதிக்கு அக்காவே தாலி கட்டுறது? எனக்கு வேண்டாம்."

ஆகவே ஸ்காபரோவில் இருந்த கை வைத்தியசாலைக்கு அவரும் நானும் பஸ் ஏறினோம். அங்கே பயிற்சி கொடுத்தவர் உரத்துச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இவருடைய கை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். திருக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு பெரிய ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுவந்து மூடியைத் திறக்கச் சொன்னார். சித்தப்பா முழங்கை வரை பலத்தைத் திரட்டித் திறந்தும் விட்டார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒரு பெண்ணின் கழுத்தில் அப்படித் திருகினால் கலியாண வீடு என்னத்துக்கு ஆகும்?

பிறகு நான் என் காதுத் தோட்டைக் கழற்றி, அதன் சுரையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பூட்டிக் காட்டினேன். அந்தப் பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். தன்னுடைய தோழி ஒருத்தி ஒமாஹா என்ற பூர்வகுடி மக்களின் மொழியைப் படிக்கிறாள் என்றார். அந்த மொழியில் கையால் தள்ளிச் செய்தால் ஒரு வினைச்சொல், இழுத்துச் செய்தால் இன்னொன்று, அழுத்திச் செய்தால் வேறொன்றாம். ஆங்கிலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று வருத்தப்பட்டார். உங்கள் மொழி எப்படி என்று என்னைக் கேட்டார்.

எங்கள் மொழியிலும் நிறைய உண்டு, ஒமாஹாவை விடக் கூட என்று நான் உடனே சொல்லிவிட்டேன். ஒமாஹா மக்கள் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் தோற்பதாக உத்தேசம் இல்லை.

அன்று தொடக்கம் குசினியில் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாவைக் குழைத்தார், புளியைக் கரைத்தார், தேங்காய்ப்பூவைப் பிழிந்தார், என்னை நுள்ளினார். ஒவ்வொன்றும் எனக்கு ஒரு வெற்றி. அடுத்தமுறை போனபோது மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன், நுள்ளுவதற்கும் கிள்ளுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பெண்மணியின் கையிலேயே செய்து காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. இதெல்லாம்தான் இனி உன் சித்தப்பாவின் பயிற்சி என்று சொல்லிப் போத்தலைத் தூக்கி வைத்துவிட்டார்.

அதன்பிறகு எங்கள் அப்பாட்மென்டில் சித்தப்பா படாத பாடு பட்டார். கறிவேப்பிலையை உருவினார், ரொட்டியைப் பிய்த்தார், விளக்குக்குப் பஞ்சைத் திரித்துத் திரித்து ஒரு கோயிலுக்குக் காணுமான திரி சேர்த்துவிட்டார். கடைசிப் பரீட்சை என் தோட்டுச் சுரை. நான் ரீவியைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பேன், அவர் பின்னால் நின்று பூட்டுவார். சுரை விழுந்து கார்ப்பெட்டில் உருளும். இரண்டுபேரும் குப்புறக் கிடந்து தேடுவோம். "இண்டைக்கு விழேல்லை பாத்தியோ?" என்று அவர் சொன்ன நாளில் நான் கைதட்டினேன். அதற்கடுத்த நாள் திரும்பவும் விழுந்தது.

பெண் வந்து சேர்ந்து, பிறம்ரனில் தன் அண்ணன் வீட்டில் தங்கினார். கலியாணத்துக்கு முதல் எங்களை அங்கே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். சித்தப்பா கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கனடாவுக்கு வந்து பழகிப்போச்சு என்று நான்தான் முந்திக்கொண்டு விளக்கம் கொடுத்தேன். பெண் மீன்குழம்பு பரிமாறினார். எங்களுக்கெல்லாம் துண்டு துண்டாக வந்தது. சித்தப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் முள்ளெல்லாம் எடுத்து, உதிர்த்துப் போட்டிருந்தார். இவ்வளவு பெரிய ஆளுக்கு முள் எடுக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன் அன்ரி அவருக்கு மட்டும் அப்பிடி?" என்று கேட்டேன்.

"கரண்டியாலை முள் எடுக்கிறது கரைச்சல் எல்லே?" என்றார் அவர். அம்மா மேசைக்குக் கீழே என் தொடையில் ஒரு நுள்ளுப் போட்டார்.

கலியாணம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. மாமி தோழியாகப் பெண்ணின் பக்கத்தில் நின்றார். சுரையின் விஷயம் எனக்குத்தான் தெரியும் என்று அடம்பிடித்து நான் மாமியின் சேலையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கெட்டிமேளம் வெடித்தது. சித்தப்பா கொடியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு நுனியையும் சேர்த்து, சுரையை வைத்தார். அது ஒருதரம் திரும்பியது. அடுத்த திருப்பில் அவருடைய பெருவிரல் வழுக்கியது. திரும்பவும் வைத்தார், திரும்பவும் வழுக்கியது. அவருடைய நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. மேளம் ஓய்வதாக இல்லை, அட்சதை எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து விழுந்தது. மாமி கையை நீட்டினார். சித்தப்பா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். சுரையை விடாதேயுங்கோ என்று மனதுக்குள் கத்தினேன்.

அந்த நேரம் பெண் குனிந்த தலை நிமிராமல் இடது கையைப் பின்னால் கொண்டுபோனார். பார்க்கிறவர்களுக்கு மாலையைச் சரிசெய்வது போல் இருந்திருக்கும். அவருடைய இரண்டு விரல்கள் சித்தப்பாவின் விரல்களுக்குக் கீழே புகுந்து, சுரையை அது இறுகும் வரை திருகின. சித்தப்பாவின் விரல்கள் அவற்றின் மேலேயே இருந்தன. பிறகு அந்தக் கை திரும்பி வந்து மடியில் மற்றக் கையோடு சேர்ந்துகொண்டது. சித்தப்பா நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். சித்தப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எனக்கோ சொல்ல முடியாத ஆத்திரம். வீட்டுக்குப் போகும்போது காரில் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன்.

"சித்தி ஏன் இடையிலை கை வைச்சவா? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் சித்தப்பாவே பூட்டியிருப்பார்!"

"அவர்தான் பூட்டினவர்," என்றார் அம்மா. "நீ ஒருத்தரிட்டையும் வேறை மாதிரிச் சொல்லாதை."

நான் சொல்லவில்லை. பயிற்சி கொடுத்த பெண்மணியிடம்கூட, எல்லாம் சித்தப்பாவின் கைதான் செய்தது என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சித்தப்பா தன் கையைப் பற்றிச் சித்தியிடம் எப்போது சொன்னார், சொன்னாரா என்றே எனக்குத் தெரியாது. சித்தியும் எங்கள் யாரிடமும் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. நாங்கள் அவ்வளவு கெட்டித்தனமாக மறைத்துவிட்டோம் என்று நான் வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.