கோட்டைக்குள் ஒரு தண்டவாளம்

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் பிறந்தநாளுக்காக இந்திராநகரில் ஒரு ஓட்டலுக்குப் போயிருந்தோம். அங்கே தோசை கொண்டுவருவது ஆள் இல்லை, ரயில். மேசைகளை ஒட்டிச் சின்னத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். சமையலறைச் சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியே பொம்மை ரயில் கூவிக்கொண்டு வந்து நம் பக்கத்தில் நிற்கிறது. தட்டை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். மகள் கைதட்டினாள், மனைவி வீடியோ எடுத்தாள். நான் மட்டும் சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற பையன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கே வண்டி தானாக ஓடினாலும் அதன் பக்கத்தில் சும்மா நிற்பவர்களை எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. மனைவி இதற்காகப் பலமுறை திட்டியிருக்கிறாள்.

தண்டவாளத்துக்குப் போட்டிருந்த எண்ணெய் சாம்பார் வாசனையையும் மீறி லேசாக வந்தது. அது தையல் மிஷின் எண்ணெயின் வாசனை. அந்த வாசனையோடுதான் என் அக்கா செல்வி தினமும் வேலையிலிருந்து வருவாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி, இளம் வயதிலேயே நரைத்துவிட்டது மாதிரி. வாசலில் நின்று தட்டிவிட்டு உள்ளே வருவாள்.

அப்போது மர்பி டவுனில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில் நானும் அம்மாவும் அக்காவும் இருந்தோம். அக்காவைக் கோலார் தங்கவயலில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த மனுஷன் கை நீட்டுகிறவன். இரண்டு முறை அடிபட்டு வந்தவளைப் பெரியவர்கள் சமாதானம் பேசி அனுப்பிவைத்தார்கள். மூன்றாவது முறை வந்தவள் திரும்பிப் போகவில்லை. மறுவாரமே பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் வந்து, "எப்பம்மா ஊருக்குப் போற?" என்று இழுத்தால், "லீவு கெடைக்காது சித்தி" என்பாள். கேட்டவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வேலை அவளுக்குச் சம்பளம் மட்டுமில்லை, எங்கள் வீட்டில் அவள் இருப்பதற்கான பதிலும் அதுதான்.

நான் அல்சூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். செத்துப்போன கம்ப்யூட்டர்களிலிருந்து ஆளுக்கொரு உறுப்பு வாங்கி எனக்கென்று ஒன்று பூட்டிக்கொண்டேன். ஓடவிட்டால் தூசி வறுபடும் வாசனை வரும். அதில் கொஞ்சம் மூச்சிரைத்தாவது ஓடிய விளையாட்டு ஒன்றே ஒன்று, இலவசமாகக் கிடைத்த ஒரு கோட்டை கட்டும் விளையாட்டு. அதில் படம் என்று எதுவும் கிடையாது. எழுத்துகளும் புள்ளிகளும்தான் மலை, மரம், ஆறு எல்லாம். ஆட்கள் மட்டும் குட்டிக் குட்டிச் சிரித்த முகங்கள். அந்தக் குட்டி மனிதர்கள் மலையைக் குடைந்து உள்ளே ஊர் கட்டுவார்கள். நாம் யாரையும் கையைப் பிடித்து நடத்த முடியாது. இன்ன வேலை ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டால், யார் சும்மா இருக்கிறானோ அவன் போய்ச் செய்வான். திரையின் மேல்மூலையில் சும்மா இருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த எண் எனக்குப் பல நாள் பூஜ்ஜியம்தான். காரணம் கல். மலைக்கு அடியில் வெட்டிய கல்லை ஒரு ஆள் ஒரு கல்லாகத் தூக்கி, மேலே கூடத்தில் இறக்கிவிட்டு, மறுபடி அடியாழத்துக்கு நடப்பான். ஊரே கல் தூக்கும். அறுவடைக்கு ஆள் இருக்காது, கதிர் அழுகிப்போகும். ஒரு நாள் அக்கா சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள்.

"இவனுங்க இன்னாடா பண்றானுங்க?"

"கல்லு தூக்கறாங்கக்கா."

"ஒரு கல்லுக்கு ஒரு ஆளா? எங்க கம்பெனி மாதிரியே கீது."

அவள் வேலையும் அதுதான். துணி வெட்டுகிற கட்டிங்கிலிருந்து பண்டலைத் தூக்கித் தையல் லைனுக்குக் கொடுக்க வேண்டும். ஒருத்தி காலர் தைத்து முடித்தால் அதை எடுத்து அடுத்தவளிடம் வைக்க வேண்டும். "பேக பா, பேக பா" என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் விரட்டுவாராம், சீக்கிரம் வா சீக்கிரம் வா என்று. ராத்திரி தூக்கத்தில் அக்காவின் கால் ஆடும். நடந்துகொண்டிருக்கிறாள் என்று அம்மா சொல்வாள்.

அந்த விளையாட்டில் சுரங்க வண்டி என்று ஒன்று உண்டு. தண்டவாளம் போட்டு, கீழே ஒரு கல் குவியல், மேலே ஒரு கல் குவியல் என்று இரண்டு நிறுத்தம் வைத்துவிட்டால், வண்டி நிறைந்ததும் ஒருவன் தள்ளிக்கொண்டு போய் மேலே கொட்டிவிட்டு வருவான். பல பேர் தூக்கியதை ஒரு வண்டி இழுத்துவிடும். அம்மா ஒரு முறை எட்டிப் பார்த்தாள். தங்கவயலில் பிறந்தவள். "எங்கப்பன் பாதாளத்துல தள்னது இந்த வண்டிதான். இத்த பாக்கறதுக்காடா நான் கரெண்டு பில்லு கட்றேன்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தத் தண்டவாளத்தைப் போட்டு முடிக்க எனக்கு எத்தனை விடுமுறைகள் போயின என்று சொன்னால் சிரிப்பீர்கள். போட்டு முடித்தும் சும்மா இருப்பவர் எண் பூஜ்ஜியத்திலேயே நின்றது. வண்டி ஓடுகிறது, ஊரும் ஓடுகிறது, கூடத்தில் மட்டும் கல் சேரவில்லை. கண்டுபிடித்தது அக்காதான். அந்த மலையில் ஒரே ஒரு சிவப்புக் கல் இருந்தது. "டேய், அந்த செவப்பு கல்லு இப்பதான மேல போச்சு? மறுபடியும் எறங்குதே" என்றாள். நான் செய்த கூத்து இதுதான்: கீழ்க்குவியலுக்கு வேண்டிய கல்லை மேல்குவியலிலிருந்தே எடுக்கும்படி வைத்திருந்தேன். வண்டி ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டும். ஆட்கள் அதே கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். வண்டி மறுபடி ஏற்றும். அக்கா சோறு புரையேறச் சிரித்தாள். "இது ஆல்ட்டர் பண்டலுடா, தையல் தப்பாயி திரும்பற பண்டலு. போனது போனதா இருக்காது, திரும்பித் திரும்பி வரும்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

தப்பைத் திருத்தினேன். சும்மா இருப்பவர் எண் மளமளவென்று ஏறியது. சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு வந்து குந்தின.

"இப்ப இவங்கள இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். துன்னுவாங்க, குடிப்பாங்க, கத பேசுவாங்க."

"சும்னே குந்தினு கீறியேன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?"

"யாருக்கா கேப்பாங்க?"

அக்கா தட்டில் கை காயக் காயப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல ஊருடா" என்றாள். "எங்க கம்பெனிலயும் இந்த மாதிரி ஒரு வண்டி வந்தா காலு வலி போவும்."

வந்தது. மறுவருஷம் ஒரு நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "டேய், ஒன் வண்டி வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். தலைக்கு மேலே தண்டவாளம் போட்டு, ஹேங்கரில் துணியை மாட்டிவிட்டால் அதுவே காலர் தைப்பவளிடமிருந்து சட்டைக்கை தைப்பவளிடம் போய் நிற்கிறதாம். ஹெல்பர்களுக்கெல்லாம் மிஷின் கற்றுக்கொடுத்து ஆபரேட்டர் ஆக்கப்போகிறோம் என்று சொன்னார்களாம். அம்மாவிடமும் பக்கத்து வீட்டிலும் இதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அந்த வாரம் அவள் கால் தூக்கத்தில் ஆடவில்லை.

பிறகு நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள். மிஷின் கற்றுக்கொடுக்க யாரும் வரவில்லை. ஹெல்பர்களைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். பிறகு அவர்களைக் கூட்டி உட்காரவைத்து, பாதாம் பால் கொடுத்து, ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் டப்பா கொடுத்து, இடம் காலியானால் கூப்பிடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த டப்பாவில் அம்மா இன்றும் கடலைப்பருப்பு போட்டுவைத்திருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வரும்.

வீட்டில் இருந்த நாட்களில் அக்கா என் பின்னால் வந்து உட்காருவாள். ஒரு நாள் மேல்மூலை எண்ணைக் காட்டி, "டேய், அந்த தப்பு பண்ணியே, அத்த மறுபடியும் பண்ணு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"பண்ணேன். பாவம், அவனுங்களுக்கு வேலயாவது இருந்துச்சு."

பண்ணினேன். கூடத்தில் குந்தியிருந்தவர்கள் எழுந்து கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எண் குறைந்து குறைந்து பூஜ்ஜியத்தில் நின்றது. அக்கா வெகுநேரம் அந்தச் சிவப்புக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் தங்கவயலுக்குப் போகாமலா இருக்கும்? இந்த முறை அவள் புருஷன் வீட்டுக்காரர்கள் பூ பழத்தோடு வந்தார்கள். "எப்பம்மா ஊருக்குப் போற?" என்று சித்தி கேட்டபோது அக்காவிடம் லீவு கிடைக்காது என்கிற பதில் இல்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவே எழுந்து போய்ப் பையை எடுத்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"நீ எதுக்குக்கா போற? இங்கயே இரு. நான் சம்பாரிக்கறேன் இல்ல?"

புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள், "இது ஒன் கோட்டையாடா, சும்னே குந்தினு சாப்படறதுக்கு?"

அவள் போய்விட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அடிக்கிறானா என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். அவளை அனுப்பிய கம்பெனியே பிறகு கூலி குறைவான வேறு ஜில்லாவுக்குத் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. ஆபரேட்டர்களுக்கு டப்பாவாவது கொடுத்தார்களா என்று தெரியாது. மர்பி டவுன் வீட்டை இடித்து மாடி மாடியாக எழுப்பி ஹாஸ்டல் விட்டிருக்கிறார்கள். அல்சூர் கடை போய்விட்டது. ஓட்டலிலிருந்து வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, ரயில் தோசை கொண்டுவந்த கதையைச் சொன்னேன்.

"அங்க வேல செஞ்ச பசங்கள இன்னா பண்ணாங்க?" என்றாள்.

"சுவரோரமா நிக்கறாங்கக்கா."

"ஓ. இன்னும் நிக்கறாங்களா."

அவளுக்குப் பின்னால் யாரோ அதட்டுகிற சத்தம் வந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டேய், அந்த கோட்ட இன்னும் கீதா?"

"இல்லக்கா. அந்த டிஸ்க்கு அப்பவே போயிடுச்சு."

"அப்ப அதுக்குள்ள குந்தினு இருந்தவனுங்க?"

"அவங்களும்தான்."

"சரி, வெச்சிடறேன்" என்றாள். "இங்க வேல கீது."