நெருப்பில் வெளுத்த பவுன்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தை விட்டு ஒரு கிலோமீட்டர் நடந்திருப்பேன், மழை பிடித்தது. காலை மணி ஆறு இருபது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. விசைப்படகுகள் கட்டிக் கிடந்ததால் ஐஸ் உடைக்க ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் ஐஸில் நின்றதில் கால் பெருவிரல் இரண்டும் மரத்திருந்தன. நடந்தால் சரியாகும் என்று நடந்தேன். புதுக்கடைக்கு ஆறு கிலோமீட்டர் என்றார்கள். பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, அட்டை போன ஒரு புத்தகம்.

ஏழரைக்குப் புதுக்கடை சந்திப்பு. இங்கே டீயைச் சாயா என்கிறார்கள். சாயா பன்னிரண்டு ரூபாய், பழம்பொரி பன்னிரண்டு. ஈரோட்டுப் பக்கம் பிறந்த எனக்கு வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரிப்பது முதல்நாள் வேடிக்கையாக இருந்தது. இப்போது அது இல்லாமல் காலை விடிவதில்லை.

கருங்கல், திங்கள்நகர் வழியாக வடசேரி போகும் பேருந்து ஏழு ஐம்பதுக்கு வந்தது. கட்டணம் இருபத்தெட்டு ரூபாய். பக்கத்து இருக்கையில் இருபத்தாறு வயதிருக்கும் ஒருவர் வலது கையைச் சட்டைப்பை மேல் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடமாகக் கை நகரவில்லை.

"நெஞ்சு வலிங்களா தம்பி?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "இல்ல அண்ணாச்சி. பைக்குள்ள எனக்க கல்யாணம் இருக்கு. அதாக்கும்."

பெயர் அன்சார். ஊர் தேங்காய்ப்பட்டணம். சவூதியில் தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். நாற்பது நாள் விடுப்பில் வந்திருக்கிறார், வரும் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பெண் குளச்சல். பைக்குள் இருந்தது ஒரு பழைய சவரன். ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் குதிரைக்காரன். கைக்குட்டையை விரித்து எனக்குக் காட்டினார், தொட விடவில்லை.

"நாங்க யாரும் தொடப்பிடாது. இது உம்மாக்க மஹராக்கும்."

உம்மா என்றால் அம்மா. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் பெண்ணுக்கு மட்டும் சொந்தம் என்பது எனக்குத் தெரியும். இந்தக் குடும்பத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கொழும்புக்குக் கயிறு கொண்டுபோய் விற்ற மூதாதை ஒருவர் இந்தப் பவுனைக் கொண்டுவந்து தன் மனைவிக்கு மஹராகக் கொடுத்தாராம். அந்த அம்மா அதைத் தன் மூத்த மகனுக்கு மனமுவந்து கொடுக்க, அவன் தன் மணப்பெண்ணுக்கு மஹராகக் கொடுத்தான். இப்படி ஐந்து பெண்கள் கை மாறி வந்திருக்கிறது. பெண்ணின் சொத்து என்பதால் வீட்டு ஆண்கள் யாரும் அதை நிறுத்துப் பார்த்ததில்லை, அடகு வைத்ததில்லை, ஆசாரியிடம் காட்டியதில்லை. கஷ்டம் வந்த காலத்தில் வீட்டு ஓடு போனது, பாத்திரம் போனது, இது போகவில்லை. ஆறாவதாக வரும் மணப்பெண் ஷிபானாதான் துணியில் முடிந்து வைக்க மாட்டேன், சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு வளையம் பற்றவைக்க வேண்டும். அதனால்தான் கோட்டாற்றில் ஒரு ஆசாரியிடம் இந்தப் பயணம்.

எனக்கும் கோட்டாற்றில்தான் வேலை தேட வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு பொன் சுத்திகரிக்கும் பட்டறையில் இரண்டு வருடம் ஆசிட் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கினோம்.

மணி ஒன்பதே கால். வடசேரியிலிருந்து கோட்டாறு மூன்று கிலோமீட்டருக்குள்தான். மழை விட்டிருந்ததால் நடந்தோம். அன்சார் போகும் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. அகலம் எட்டடி, ஆள் ஒருவர். வேலப்பன் ஆசாரிக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில், மேசையில் காரட் பார்க்கும் இயந்திரம். உதவிக்கு இருந்த ஆள் போன மாதம் கத்தாருக்குப் போய்விட்டான் என்ற வருத்தத்தை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்.

பவுனை உரைகல்லில் மெல்ல ஒரு கோடு இழுத்தார். மஞ்சளாக விழுந்தது. தராசில் வைத்தார். எட்டு கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. "பழைய ராணித்தலை. அம்சமா இருக்கு மக்கா," என்று சொல்லி வளையத்தை வைத்து ஊதுகுழல் நெருப்பைக் காட்டினார்.

வளையத்தை ஒட்டவைக்கும் பற்றாசு உருகி ஓடியது, ஒட்டவில்லை. மறுபடி காட்டினார். நெருப்பு பட்ட விளிம்பில் மஞ்சள் மங்கி, ஒரு அரிசி அளவுக்கு உள்ளிருந்து சாம்பல் வெள்ளை எட்டிப் பார்த்தது. ஆசாரி நெருப்பை அணைத்துவிட்டுக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மக்கா, இது பவுன் இல்ல கேட்டியா. மேல பூச்சு. கள்ளக் காசாக்கும்."

அன்சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வெளையாடாதீய ஆசாரியே."

"தொழில்ல நான் வெளையாடுவேனா? வெளுத்துக் கெடக்கு, கண்ணால பாருமே."

அன்சாருக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குப் புரிய நேரம் ஆகவில்லை. ஒரு பவுன் தங்கம் மஹர் என்று ஜமாஅத்தில் பேசி முடித்தாயிற்று. இந்தக் காசைக் கொடுத்தால் நிக்காஹ் பொய்யில் தொடங்கும். உண்மையைச் சொன்னால் உம்மாவுக்குக் கிடைத்த மஹரும், அவருக்கு முன்னால் நான்கு பெண்களுக்குக் கிடைத்ததும் பொய் என்று ஆகும். ஆசாரி இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்.

"இதே போல வேற ராணித்தலை ஒண்ணு நான் தேடித் தாறேன். இத ஆத்துல போட்டுரு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா," என்றார் அன்சார்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். கள்ளக் காசு என்றால் ஈயமோ பித்தளையோ வெள்ளியோ இருக்கும். அவற்றில் இதே அளவுக் காசு அடித்தால் இந்த எடை வராது, எடைக்காகத் தடிப்பாக அடித்தால் கண்ணே காட்டிக்கொடுக்கும். இது அளவும் சரி, எடையும் சரி. "வெள்ளை தெரியற இடத்துல ஒரு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டுப் பாருங்க," என்றேன். ஆசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். என்மேல் மீன் வாசம் போயிருக்காது. ஆனாலும் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு வைத்தார். பச்சையாகவில்லை, நுரைக்கவில்லை. துடைத்தால் வெள்ளை கரையாமல் அப்படியே இருந்தது.

"எந்திரத்துல வையுங்க, வெள்ளை மேலே படறாப்பல."

வைத்தார். எழுத்து ஓடியது. பிளாட்டினம் எண்பத்தொன்று, செம்பு பதினேழு, தங்கம் இரண்டு.

"யம்மா," என்றார் ஆசாரி, மூச்சை விட்டு.

பயணம் எழுதும் இடம் என்றாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பழைய பேப்பர் கடையில் வேலை பார்த்தபோது உலோகங்களைப் பற்றிய, அட்டை இல்லாத ஒரு புத்தகம் கிடைத்தது. பையில் கிடப்பது அதுதான். முதலில் பிளாட்டினத்துக்கு மரியாதையே இல்லை. தென் அமெரிக்க ஆறுகளில் பொன் அரித்தவர்களுக்கு இது கூடவே வந்த தொல்லை. உருகாது, அதனால் உதவாது. பொன்னில் கலந்து ஏமாற்றுவார்கள் என்று பயந்து அதிகாரிகள் அதை ஆற்றிலேயே கொட்டச் சொன்னதாகவும் படித்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கும்போதுதான் அதைத் தூளாக்கி, அழுத்தி, சூடாக்கி அடித்துத் தகடாக்கும் வித்தை சரியாகப் பிடிபட்டது. பிறகு கந்தக அமிலத்தைச் சுண்டக் காய்ச்சும் பெரிய கொப்பரைகளை முழுவதும் பிளாட்டினத்திலேயே செய்தார்கள். நினைத்துப் பாருங்கள், நம் கல்யாண வீட்டு அண்டா போல ஒன்று, பிளாட்டினத்தில். வேதியியல்காரர்கள் உருக்கும் கிண்ணமான மூசை அதில்தான். துப்பாக்கியில் மருந்து பற்றும் துளை அரிக்காமல் இருக்க அதில்தான் ஓரம் கட்டினார்கள். பொய்ப்பல்லைப் பிடித்து நிறுத்தும் ஊசி, நூற்றாண்டின் கடைசியில் மின் விளக்குக் கண்ணாடிக்குள் நுழையும் கம்பி, எல்லாம் அதுதான். ருஷ்யாவில் மலையடியில் நிறையக் கிடைத்ததும் காசாகவே அடித்துப் பதினேழு வருடம் புழங்கவிட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள்.

விலை மட்டும் ஏறவில்லை. எடைக்கு எடை வெள்ளியைப் போல ஐந்து ஆறு மடங்கு. தங்கமோ பதினைந்து மடங்கு. ஆகவே தங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு விலையில், தங்கத்தை விடக் கனமான ஒரு உலோகம் சந்தையில் கிடைத்தது. கள்ளக் காசு அடிப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? கொஞ்சம் செம்பு சேர்த்தால் பவுனின் எடை அப்படியே வந்துவிடும். மேலே பொன் பூசினால் வேலை முடிந்தது. தப்புதான். ஆனால் அந்தக் கடின உலோகத்தில் ராணியின் ஒவ்வொரு மயிரையும் அச்சில் ஏற்றிய கையை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை.

அன்சார் ஒன்றுதான் கேட்டார். "அப்போ எங்க உம்மாக்குக் கெடச்சது கொறவுதானே?"

ஆசாரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "உம்மாக்கக் கல்யாணம் எப்போ?"

"இருவத்தேழு வருசம் ஆச்சு."

"அப்போ பிளாட்டினம் பவுனுக்கு மேலவே. எனக்கு ஓர்மை இருக்கு, ஒரு மோதிரம் அடிக்க ஆளு வந்து வெலயக் கேட்டு ஓடிப் போச்சு. இப்பத்தான் பொன்னு ஏறி, இது பாதிக்கும் கீழ கெடக்கு." பென்சிலால் கணக்குப் போட்டார். "பாத்தா உங்க உம்மாக்கு வாப்பா சொன்னதுக்கு மேல குடுத்திருக்காரு. அவருக்கே தெரியாம."

தேதி வாரியாக யார் எவ்வளவு பெற்றார் என்று எனக்குத் தெரியாது. முதல் பெண்ணுக்குச் சொன்னதில் மூன்றில் ஒன்று கிடைத்தது. பின்னால் வந்தவர்களில் சிலருக்குச் சொன்னதை விடக் கூடுதல். ஆறாவது பெண்ணுக்கு மறுபடி குறைவு. காசு அதே காசு.

பதினொன்றரைக்கு அன்சார் உம்மாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தார். "ஏலே, அதுக்கா இந்த வெப்ராளம்?" என்று மகனின் பதற்றத்தைக் கடிந்தது குரல். "எனக்கு உங்க வாப்பா தந்தாரு, நான் மனசோட வாங்கினேன். அது முடிஞ்சு போச்சு. அதுல பொய்யி இல்ல, அவருக்குத் தெரியாதுலா. ஒனக்கு இப்பத் தெரிஞ்சிட்டு. இனி சொல்லாம குடுத்தியான்னா அது ஒனக்கப் பொய்யி."

"வேற பவுன் வாங்கட்டா உம்மா?"

"எனக்கிட்ட ஏன் கேக்க? மஹர் அவளுக்குள்ளது. அவளக் கேளு."

போன் வைக்கப்பட்டது. அன்சார் என்னைப் பார்த்தார். அடுத்த எண்ணை அழுத்துவதற்கு முன் கடைக்கு வெளியே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்தார். குளச்சலில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார் ஷிபானா. ஸ்பீக்கரில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்சார் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கேட்டு முடித்துவிட்டு அந்தப் பெண், "அப்போ அஞ்சு தலமொறையா பெண்ணுங்களப் பறஞ்சு பத்திச்சிருக்கிய," என்றார். சிரிப்பு குரலில் இருந்தது. ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். அன்சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேற பவுன் வாங்கித் தரட்டா? நெசப் பவுன்."

"வேண்டாம். உங்க வீட்டுல ஓடு வித்தப்பவும் விக்காத காசுன்னுதான் நான் கழுத்துல போடணும்னு கேட்டேன். பவுனுன்னு இல்ல. அந்த மஞ்சப் பூச்சு போவுமா?" என்று கேட்டார்.

ஆசாரி போனை நோக்கிக் குனிந்தார். "போவும் மோளே."

"அப்போ எடுத்திருங்க. வெள்ளையாவே இருக்கட்டு. எனக்க வாப்பாக்கிட்ட நான் சொல்லிக்கிடுவேன். ஆனா ஞாயித்துக்கெழம சபையில பவுனுன்னு சொல்லப்பிடாது. என்னதோ அதச் சொல்லணும், பதிவேட்டுலயும் அத எழுதணும்."

"செரி," என்றார் அன்சார்.

வளையம் பற்றவைக்க ஆசாரியின் நெருப்பு போதாது. காசைச் சுற்றிலும் ஒரு கம்பிக் கூடு கட்டி அதில் வளையம் வைக்கலாம் என்று முடிவாயிற்று. பூச்சு எடுக்க ஆள் இல்லை என்று ஆசாரி மறுபடி கத்தார்க்காரனைத் திட்டத் தொடங்கினார். இடையில் நிறுத்தி என்னிடம் திரும்பினார்.

"வே, ஒமக்கு ஆசிட் வேல தெரியுமில்லா? நாளக் காலத்த எட்டரைக்கு வாரும். நாள் சம்பளம் அறுநூறு, மத்தியானச் சோறு உண்டு. குளிச்சிட்டு வாரும்."

அன்சார் ரசீதுக்குக் காத்திருக்கவில்லை, நாளை மாலை வருகிறேன் என்று கிளம்பினார். வடசேரி வரை அவரோடு நடந்தேன். சட்டைப்பை காலியாக இருந்தது. கை அப்போதும் அங்கேயே போய்ப் போய் வந்தது. வண்டி ஏறும்போது, "ஞாயித்துக்கெழம வரணும் அண்ணாச்சி. தேங்காப்பட்டணத்த வுட்டு நெரந்தரமாப் போயிட்டோம்னு நெனச்சிராதீய," என்றார்.

அன்று வடசேரியிலேயே ஒரு கடை வாசலில் படுத்தேன். கட்டணக் குளியலறையில் முப்பது ரூபாய் கொடுத்து இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.

மறுநாள் காலை எட்டரை. காசைக் கம்பியில் கட்டிக் கரைசலில் இறக்கி மின்சாரம் விட்டேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பூச்சு ஏற்றத்தான் சொல்வார்கள். கழற்றச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. சில நிமிடங்களில் மஞ்சள் போய்விட்டது. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது ஆசாரி தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். மழைநாள் வானம் போன்ற ஒரு வெள்ளை. ராணியின் காதோரச் சுருள், குதிரையின் பிடரி, எதுவும் தேயவில்லை. தங்கமாக இருந்திருந்தால் இத்தனை கை பட்டதில் இந்நேரம் மழுங்கியிருக்கும்.

"ரசீது போடும்," என்றார் ஆசாரி. "எழுதத் தெரியும்லா?"

ரசீதுப் புத்தகத்தில் 'தங்க நகை' என்று அச்சிட்டிருந்தது. தங்கம் என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'பிளாட்டினம், காசு ஒன்று' என்று எழுதினேன். உரியவர் பெயர் என்ற இடத்தில் அன்சார் என்று எழுதப் போய் நிறுத்தி, ஷிபானா, குளச்சல் என்று எழுதினேன். அந்தக் கடையில் நான் பார்த்த முதல் வேலை அது.