பக்கத்து வாசல்

போன மாசி மாதம், என் தம்பி வேலை பார்க்கும் மராட்டியப் பக்கத்துக்கு நானும் மனைவியும் மகளும் போயிருந்தோம். ஒரு பகல் ஜீப் பிடித்து ஒரு பழைய மலையூருக்குக் கூட்டிப்போனான். கோட்டை, வீடு, படி எல்லாம் கறுப்புக் கல். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறை என்று விளக்கினான்.

"ஆறிப்போன தீயா? பரவாயில்ல கொழுந்தனாரே. நம்மூர்ல இன்னும் ஆறல" என்றாள் மனைவி. அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவளுக்குச் சிவகாசிப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை. ஏழு மாதத்துக்கு முன் அவள் வேலை செய்யும் ரூமில் தீப்பிடித்தது. அந்த ரூம்களுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே, கிட்டத்தில் இருக்கிற வாசல் வழியாக ஓடு என்று சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுப்பார்கள். அவள் ஓடினாள். கூட இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் வெளியே வரவில்லை. இவளுக்கு இடது கை வெந்தது.

தம்பி ஊருக்கு நாங்கள் கிளம்பும் முன் அவள் கம்பெனி போர்மேன் எனக்குப் போன் செய்தான். சீசன் ஆர்டர் குவிகிறது, ஆள் இல்லை என்றான். ஊர் திரும்பியதும் திங்கட்கிழமை வருவாள் என்று நானே சொல்லிவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. நான் வேலை பார்ப்பது காலண்டர் பைண்டிங்கில். அங்கே மிஞ்சிப் போனால் விரல் நசுங்கும்.

கோட்டைச் சுவரோரம் பொரிகடலை வாங்கி நின்றோம். குரங்குகள் கூடின. கடைக்காரன் அவற்றை விரட்ட ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான்.

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பக்கத்தில் சுவர் இடிந்து ஒரு ஆள் நுழையும் அளவு திறப்பு இருந்தது. அவளுக்கு அது வாசல். அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. தம்பி பாய்ந்து மகளைப் பிடித்தான். நான் இவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் விழுந்து முழங்கால் பாறையில் உரசி ரத்தம் வந்தது.

கடைக்காரன் கையில் இருந்த வெடிப் பெட்டியில் எங்கள் ஊர்ப் பெயர் அச்சிட்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "திங்கக்கிழம வருவேன்னு போர்மேன்ட்ட நீங்கதான் சொன்னீகளா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அவரே போன் பண்ணுனாரு. நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்."

நான் பொரிகடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"கம்பெனி வேன் வந்தா நீங்க ஏறுங்க" என்றாள்.

திங்கட்கிழமை வேன் வந்து ஆரன் அடித்தது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மறு திங்களும் அப்படித்தான். என் கூலி மட்டும் பத்தவில்லை. மூன்றாவது திங்கள் தூக்குவாளியோடு ஏறினாள். தடுத்தேன் என்று எழுத ஆசைதான். தடுக்கவில்லை. ரூமில் வாசல் ஓரமாக உட்கார் என்று மட்டும் சொன்னேன்.