பதினைந்தும் ஐம்பதும்

ஆழிப்பேரலை வந்த மூன்றாம் வாரம், நான் கணிதம் படிப்பித்த பாடசாலையின் மைதானம் முகாமாகியிருந்தது. அறுபது கூடாரங்கள். முகாம் குழுச் செயலாளர் மேடைப் பேச்சில் வல்லவர். அவருடைய வீட்டைக் கொண்டுபோன கடல், பண்பாட்டைக் காக்கும் பொறுப்பை மட்டும் அவரிடமே விட்டுவிட்டது. கூடாரங்களுக்குப் பழைய தமிழ் எண்களில்தான் இலக்கமிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார். அவை தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அந்த முறையில் பூச்சியம் கிடையாது. பத்துக்குத் தனிக்குறி உண்டு: ௰. அதற்குப் பின்னால் ஐந்தைப் போட்டால் பதினைந்து, ௰௫. முன்னால் போட்டால் ஐம்பது, ௫௰. நிவாரணம் பங்கிடக் கொழும்பிலிருந்து வந்த தொண்டர்களுக்கு இதை இரண்டு தடவை விளக்கினேன். இரண்டு தடவையும் தலையாட்டினார்கள்.

பதினைந்தில் இரட்டைக் குழந்தைகளோடு ஒரு தாய். ஐம்பதில் வாழைச்சேனைக் கடலில் தொழில் செய்த, தனியாளான ஒரு முதியவர். முதல் விநியோகத்தில் முதியவருக்கு நான்கு தகரப் பேணி பால்மாவும் இரண்டு சூப்பிப் போத்தலும் போயின. வலை பின்ன அவர் கேட்டிருந்த மூக்குக்கண்ணாடி அந்தத் தாய்க்குப் போனது.

முதியவர் போத்தல்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கோபிக்கவில்லை.

"பல்லுப் போனது உண்மைதான் சேர். எண்டாலும் சூப்பி வேணாம்."

வெட்கத்தோடு செயலாளரிடம் போனேன். பூச்சியத்தை உலகுக்குக் கொடுத்தவர்களே நாங்கள்தான் என்று முதல்நாள்தான் அவர் பேசியிருந்தார். அப்படியென்றால் நாங்களும் கொஞ்சம் பாவிக்கலாமே என்றேன். குழு கூடி ஆராயவேண்டும் என்றார். குழு கூடியது, ஓர் உபகுழுவை அமைத்துவிட்டுக் கலைந்தது. அதற்குள் இரட்டையரின் தாய் அடுப்புக்கரியால் தன் கூடாரத்தில் 15 என்று எழுதிவிட்டார். பின்னேரத்துக்குள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். முதியவருக்கு எழுத வராது. அவருக்கும் அந்தத் தாய்தான் எழுதிக்கொடுத்தார், பூச்சியத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டு.

இரண்டு வருடம் கழித்து, போர் வாகரைப் பக்கத்துச் சனங்களை அதே மைதானத்துக்குத் துரத்தியது. இம்முறை அதிகாரிகள் அச்சடித்த அட்டைகளோடு வந்தார்கள்: 0001, 0002. முன்னால் வரும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஏன் இத்தனை பூச்சியம் என்று கூடாரங்களில் அட்டை கட்டிக்கொண்டிருந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"இன்னும் ஆக்கள் வருவாங்க சேர். அவங்களுக்கு இடம் விட்டிருக்கு."

கணிதப்படி அவர் சொன்னது சரி. நான் அடுத்த அட்டைக்குக் கயிறு வெட்டிக் கொடுத்தேன்.