நான்காம் எண் குச்சி

எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரரைப் பெரிய ஆட்டக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாம் மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டியிருந்த ஊழியர் ஓய்வறையில், குச்சியால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் அந்த ஒரே பூல் மேசையில் இருபது வருடம் அவரை அசைக்க ஆளில்லை. அந்த அறையில் எப்போதும் குச்சி முனையில் தேய்க்கும் சாக்குத்தூளும் மோட்டார் எண்ணெயும் கலந்த வாசனை அடிக்கும். லிஃப்ட் கிளம்பினால் தரை லேசாக அதிரும். மற்றவர்கள் அது ஓயும்வரை காத்திருப்பார்கள். அவர் பாட்டுக்கு அடிப்பார்.

"என் வண்டி போறது எனக்குத் தெரியாதா?" என்பார்.

சுவரில் சாத்தியிருந்த ஆறு குச்சிகளில் நான்காம் எண்தான் அவருக்கு. பிடி கனம், முனை பருமன். அப்படிப்பட்ட குச்சிக்கு ஒரு குணம் உண்டு. சுழற்சி வேண்டி வெள்ளைப் பந்தின் இடப்பக்கம் அடித்தால், பந்து மயிரிழை அளவு வலப்பக்கம் ஒதுங்கிப் போகும். அதை ஈடுகட்ட அவர் குறியை விட்டுச் சற்று இடப்பக்கம் பார்த்து அடிப்பார். வருடக்கணக்கில் அடித்து அடித்து, தள்ளிப் பார்க்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அவருடைய மச்சினன் தச்சர். ஒரு விருந்தில், மச்சினன் செய்த அலமாரியைப் பார்த்து, "இதுக்கு முட்டுக் கொடுக்கவே தனியா ஒரு ஆள் வைக்கணும் போல" என்று சொல்லிவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், தச்சரைத் தவிர. அதன்பின் பதினோரு வருடம் இருவருக்கும் பேச்சில்லை.

லிஃப்ட்காரர் ஓய்வு பெறும் வருடம், கடைசிப் போட்டியன்று காலையில், துணி சுற்றிய நீளமான பொட்டலத்தோடு தச்சர் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றார். தானே கடைந்த குச்சி. மெலிந்த முனை, நூல் பிடித்தாற்போல் நேர்.

"அக்கா சொன்னா, கடைசி ஆட்டம்னு" என்றார். பொட்டலத்தை நீட்டினார்.

அன்று மாலை தச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆடியவர் எக்ஸ்ரே பிரிவுக்காரர். முதல் ஆட்டத்தில் லிஃப்ட்காரர் பக்கவாட்டில் அடித்த பந்து ஒன்றுகூட விழவில்லை. புதுக் குச்சி மெலிந்தது. பந்து ஒதுங்காமல் பார்த்த இடத்துக்கே போயிற்று. அவரோ பழக்கத்தில் தள்ளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாலாம் நம்பரை எடுங்க. அந்தக் கம்பு கொடி கட்டத்தான் ஆகும்" என்றார் மருந்துப் பிரிவுக்காரர்.

தச்சர் தலை குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்தார். நான்காம் எண்ணை எடுத்தால் ஜெயித்துவிடலாம். ஆனால் அன்று விருந்தில் சொன்னதையே இன்று நாற்பது பேர் முன்னால் மறுபடி சொன்னதாகிவிடும். அவர் சுவர்ப்பக்கம் போகவில்லை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பந்தின் நட்டநடுவில் மட்டும் அடித்தார். நடுவில் அடித்தால் எந்தக் குச்சியும் ஒன்றுதான். சுழற்சியில்லை, சாகசமில்லை, நேற்றுச் சேர்ந்தவர் ஆடுவதுபோல் ஆடினார். இரண்டாவது ஆட்டத்தை எடுத்தார். மூன்றாவதில் ஒரே ஒரு பந்தில் தோற்றார்.

கூட்டம் கலைந்ததும் தச்சர் எழுந்து வந்தார்.

"பருமனா வேற ஒண்ணு கடைஞ்சு தரட்டுமா அத்தான்?"

"வேண்டாம் மச்சான். இது சொன்ன இடத்துக்குத்தான் போகுது. நான்தான் தப்பான இடத்தைச் சொல்லிட்டிருக்கேன்."

"நம்ப முடியலையே. எங்க, அடிச்சுக் காட்டுங்க."

அவர் இடப்பக்கம் அடித்துக் காட்டினார். பந்து குழியின் ஓரத்தில் இடித்துத் திரும்பியது. தச்சர் குனிந்து, கண்ணால் அளவெடுத்து, அதைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார்.

ஜன்னலில் வெயில் இறங்கும்வரை ஒருவர் தவறவிட்டுக்கொண்டே இருந்தார், மற்றவர் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.