கவாத்துக் குச்சிகள்

என் கணவர் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். கல்லூரிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு உலையைக் கட்டிவைத்து, வீட்டில் இருந்ததைவிட அங்கேதான் அதிகம் குடியிருந்தார். கொட்டாங்குச்சியைக் குறைந்த காற்றில் எரிய விட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிளம்பும். அதை அழுத்தி, சூடான செம்பு வினையூக்கியின் மேல் செலுத்தினால் மறுமுனையில் மெத்தனால் சொட்டும். அதில் மோட்டார் ஓட்டலாம் என்றார். நான் நம்பவில்லை. ஆனால் சொட்டியது, ஒரு சிறிய சீசாவில் பாதி அளவு.

சித்தையன்கோட்டைப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த மாமாவுக்கு, இவருடைய அப்பாவுக்கு, அப்போது புற்றுநோய் முற்றி, மருத்துவர்கள் கைவிரித்திருந்தார்கள். மகன் படித்து என்ன கிழித்தான் என்பது அவருக்கு அதுவரை பிடிபட்டதே இல்லை. சீசாவைப் பற்றிக் கேட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"தேங்கா ஓட்டுல வர்றது நம்ம கொடியில வராதா அப்பு?"

"வரும்ப்பா."

அவர் கண்ணை மூடுவதற்குள் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு சொட்டாவது எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று இவர் தவித்தார். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்திருந்த நேரம். மாமா படுத்தபடியே ஆள் விட்டு, வெட்டிய குச்சிகளைக் கட்டுக்கட்டாக மினி லாரியில் அனுப்பினார்.

முதல் நாள் சொட்டு மெலிந்தது. மறுநாள் அடியோடு நின்றுவிட்டது. இவர் கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கந்தகம். கேட்டலிஸ்ட் செத்துப்போச்சு" என்றார்.

சாம்பல் நோய்க்காகத் திராட்சைக் கொடியில் கந்தகத் தூள் தூவுவார்கள். வினையூக்கியைக் கொல்ல அதில் சொற்பம் போதும். கொட்டாங்குச்சிக்குத் தேவைப்படாததால், வாயுவிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் பகுதியை இவர் கட்டவே இல்லை. வெளியூர்க்காரன் எவனாவது இந்தக் குச்சியைப் பார்த்திருந்தால், இதில் என்ன மருந்து அடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டிருப்பான். அந்தத் தூளின் வாடையிலேயே வளர்ந்தவருக்கு அது ஒரு பொருளாகவே தோன்றவில்லை. புது வினையூக்கி செய்து முடிக்க மாதக்கணக்காகும். மாமாவிடம் அவ்வளவு நாள் இல்லை.

கொட்டாங்குச்சியில் எடுத்த சீசாவைத்தான் இவர் ஊருக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். கரண்டியில் கொஞ்சம் ஊற்றிப் பற்ற வைத்தார். பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியவில்லை. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். மங்கலான நீலத்தில் அது எரிந்தது.

"நம்ம கொடியா அப்பு?"

"ஆமாப்பா. நம்ம கொடிதான்."

மாமா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு தோட்டத்து ஆளைக் கூப்பிட்டு, "இனிமே குச்சியைக் குப்பையில போடாத. நான் இருந்தாலும் இல்லாட்டியும், ஒவ்வொரு கவாத்துக்கும் அம்புட்டையும் கல்லூரிக்கு அனுப்பிவிடணும்" என்றார்.

அடுத்த வாரமே போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்து, அடுத்த கவாத்தும் வந்தது. மினி லாரி கொட்டகை வாசலில் வந்து நின்றது. "பெரியவரு சொல்லிட்டுப் போனது" என்றார் தோட்டத்து ஆள். இவர் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே தோளில் சுமந்து உள்ளே அடுக்கினார். வேண்டாம் என்று சொல்ல இன்றுவரை இவருக்கு வாய் வரவில்லை. உலையை அதற்குப் பிறகு இவர் மூட்டவே இல்லை. இப்போது அந்தக் கொட்டகையில் நிற்க இடமில்லாமல் குச்சிகள்தான் கிடக்கின்றன.